முடிச்சில் பூக்கும் பூ

ஈரானின் மேற்கு மலைப்பகுதியில் சனந்தஜ் என்ற ஊர் இருக்கிறது. குர்திஸ்தான் மாகாணத்தின் தலைநகர். கம்பளம் சேர்ப்பவர்களுக்கு அதன் பழைய பெயர்தான் நன்றாகத் தெரியும்: சென்னே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே நெய்யப்பட்ட கம்பளங்கள் சிலவற்றில் ரோஜா பூத்திருக்கும். இதழின் ஓரம் சுருண்டிருக்கும். நடுவில் அடர்ந்த சிவப்பு, வெளியே வர வர இளஞ்சிவப்பு. அதே காலத்தில், அதே மலைத்தொடரின் ஒரு குர்திஷ் கிராமத்தில் நெய்த கம்பளத்தைப் பக்கத்தில் விரித்தால் அங்கும் பூதான். ஆனால் அந்தப் பூவில் வளைவே இராது. படிப்படியாக ஏறி இறங்கும் எண்கோணம், அதன் நடுவில் ஒரு நட்சத்திரம், நான்கு பக்கமும் ரம்பப்பல் இலைகள்.

இரண்டையும் நெய்தவர்கள் குர்திஷ் பெண்கள். இருவரும் போட்டது ஒரே வகை முடிச்சு. பிறகு ஏன் ஒரு பூ வளைகிறது, இன்னொன்று கோணமாகிறது?

நகரத்து நெசவாளிக்குக் கைத்திறன் கூடுதல், கிராமத்தாள் பார்த்ததை அரைகுறையாகப் போட்டாள் என்று ஒரு சுலபமான பதில் உண்டு. கம்பளம் பற்றிய பழைய எழுத்துகளில் இந்தத் தொனி அடிக்கடி தட்டுப்படும். அது தவறு. சரியான பதில் கம்பளத்தின் முதுகில் இருக்கிறது. அதனால் முதலில் கம்பளத்தைக் குப்புறப் போட வேண்டும்.

தறியில் நெடுக்காக இழுத்துக் கட்டிய நூல் பாவு. குறுக்கே போவது ஊடை. வெறும் பாவும் ஊடையும் சேர்ந்தால் துணி. கம்பளத்தில் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது. சாயமேற்றிய கம்பளி நூலை இரண்டு பாவு இழைகளைச் சுற்றி முடிந்து, நுனியை வெட்டிவிடுகிறார்கள். ஒரு வரிசை முழுக்க முடிச்சு போட்டதும் ஊடையை ஓட்டி, கனமான சீப்பால் அடித்து இறுக்குகிறார்கள். பிறகு அடுத்த வரிசை. குர்திஷ் கம்பளங்களில் பெரும்பாலும் காணப்படுவது சமச்சீர் முடிச்சு. நூல் இரண்டு பாவு இழைகளையும் ஒரே மாதிரி சுற்றி, இரண்டு நுனிகளும் நடுவிலிருந்து வெளியே வரும். முதுகுப்பக்கம் அது அடுத்தடுத்து இரண்டு சின்னப் புடைப்புகளாகத் தெரியும்.

ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு நிறம். அதைப் பாதியாகப் பிரிக்க முடியாது. கட்டம் போட்ட கணக்கு நோட்டில், கட்டத்தை முழுதாக நிரப்பலாம் அல்லது முழுதாக விடலாம், கோட்டைத் தாண்டக்கூடாது என்ற விதியோடு ஒரு குழந்தை பூ வரைவதை நினைத்துப் பாருங்கள். பெரிய கட்ட நோட்டில் அந்தப் பூ படிக்கட்டாகத்தான் வரும். சின்னக் கட்ட நோட்டில் படிகள் சிறுத்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் வளைவாகத் தெரியும். குழந்தையும் பென்சிலும் மாறவில்லை. நோட்டு மட்டும் மாறியது. இந்தக் கட்டங்களின் நெருக்கத்தை முடிச்சடர்த்தி என்று சொல்லலாம்.

எண்களில் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். ஓர் அங்குலத்துக்கு எட்டு முடிச்சு என்பது கிராமத்துக் கம்பளத்தில் சாதாரணம். அங்கே இரண்டு அங்குல அகலப் பூவுக்குக் கிடைப்பது 16 முடிச்சு அகலமும் 16 வரிசை உயரமும், அதாவது 256 கட்டங்கள். நல்ல சென்னே கம்பளத்தில் அங்குலத்துக்கு 16 முடிச்சு வரும். அதே பூவுக்கு இப்போது 1,024 கட்டங்கள். நெருக்கம் இரண்டு மடங்கானால் கட்டங்கள் நான்கு மடங்காகின்றன. இதழின் சுருளும் காம்பின் வளைவும் அந்தக் கூடுதல் இடத்தில்தான் பிழைக்கின்றன.

அப்படியானால் கிராமத்திலும் நெருக்கமாகப் போட்டிருக்கலாமே? போட முடியாததற்குக் காரணம் நூல். கிராமத்திலும் மேய்ச்சல் குலங்களிலும் பாவு பெரும்பாலும் சொந்த ஆட்டுக் கம்பளி. கையால் நூற்ற கம்பளி இழை தடிமனாக இருக்கும், இழுத்தால் நீளும். அதை ஓர் எல்லைக்கு மேல் நெருக்கிக் கட்ட முடியாது. சென்னேயில் பாவு பருத்தி. உயர்தரக் கம்பளங்களில் பட்டு, அதுவும் பல நிறங்களில் சாயமேற்றிய பட்டு. மெல்லிய, நீளாத இழை என்பதால் நெருக்கிக் கட்டலாம். சென்னேக்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். மற்ற இடங்களில் வரிசைக்கு வரிசை இரண்டு ஊடை ஓட்டும்போது, இவர்கள் ஒரே ஒரு மெல்லிய ஊடையோடு நிறுத்தினார்கள். வரிசையின் உயரம் குறைந்தது, மேலும் வரிசைகள் புகுந்தன. ஒற்றை ஊடை எல்லாப் பாவையும் மூடாததால், ஒன்றுவிட்டு ஒரு பாவு முதுகில் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். அதனால்தான் சென்னேயின் முதுகைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும். முன்பக்கத்துப் பூவைப் பார்க்காமலே, கை வைத்துப் பார்த்துப் பழகியவர்கள் ஊரைச் சொல்லிவிடுவார்கள்.

கட்டம் சதுரமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முடிச்சின் அகலத்தைப் பாவின் இடைவெளி தீர்மானிக்கிறது. உயரத்தை ஊடையின் தடிமனும் சீப்பின் அடியும் தீர்மானிக்கின்றன. இரண்டும் வேறு வேறு கைகளில். தடித்த ஊடை ஓட்டினால் ஒவ்வொரு கட்டமும் உயரமாகிவிடும். சதுரக் கட்டத்தில் வட்டமாக இருந்த பூவை, முடிச்சை எண்ணி அப்படியே இந்தத் தறியில் போட்டால் நீளவாட்டில் இழுபட்ட முட்டையாகிவிடும். மெல்லிய ஊடையை ஓங்கி அடித்தால் அதே பூ தட்டையாகும். பழைய கம்பளங்களில் நசுங்கியோ நீண்டோ தெரியும் பூக்கள் பலவற்றுக்கு இதுதான் காரணம். ஒரு வடிவம் ஊர் விட்டு ஊர் போகும்போது முடிச்சு எண்ணிக்கை கூடப் போனது. ஆனால் கட்டத்தின் வடிவம் புது ஊரில் வேறாக இருந்தது.

சென்னேக்கு வடகிழக்கே பிஜார். அங்கே இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தார்கள். ஓர் ஊடையை விறைப்பாக இழுத்து ஓட்டினால், ஒன்றுவிட்டு ஒரு பாவு இழை பின்னால் தள்ளப்படும். முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு இழைகள் ஓர் இழையின் இடத்தில் நிற்கும். அவற்றைச் சுற்றிய முடிச்சு பக்கவாட்டில் சாய்ந்து, ஏறக்குறைய பாதி அகலத்துக்குச் சுருங்கும். முதுகில் இரண்டு புடைப்புக்குப் பதில் ஒன்றுதான் தெரியும். இதோடு தடித்த ஊடையை நனைத்து ஓட்டி, இரும்புச் சீப்பால் அடித்து இறுக்கினார்கள். பிஜார் கம்பளத்துக்கு 'பாரசீகத்தின் இரும்புக் கம்பளம்' என்று பெயர் வந்தது இதனால்தான். அதை மடிக்கக்கூடாது. மடித்தால் உள்ளே நூல் முறியும். உருட்டித்தான் வைக்க வேண்டும். சென்னே மெல்லிய நூலால் நெருக்கத்தைப் பெற்றது. பிஜார் தடித்த நூலை அடுக்கிப் பெற்றது. இரண்டிலும் ஹெராத்தி என்ற வடிவம் வளைந்து அழகாக வரும். சாய்சதுரத்துக்குள் ஒரு பூ, அதற்கு வெளியே நான்கு பக்கமும் மீன் துள்ளுவதாகச் சுருண்ட நான்கு இலைகள்: அதுதான் ஹெராத்தி.

என் மனத்தை அதிகம் கவர்ந்தவர்கள் ஜாஃப் குலத்து நெசவாளர்கள். இன்றைய ஈராக், ஈரான் எல்லையின் இரு பக்கமும் மந்தையோடு இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள். மூட்டை முடிச்சோடு தறியும் கூடவே போக வேண்டும். இழை தடித்த கம்பளி. மெல்லிய பாவுக்கு வழியில்லை. ஆனால் அவர்களுடைய பைகளில் கொக்கி வைத்த சாய்சதுரங்களின் சாய்கோடு, அந்தத் தடித்த நூலுக்குக் கிடைக்க வேண்டியதைவிட வழவழப்பாக ஓடுகிறது. எப்படி?

பையைத் திருப்பி, ஒரு சாய்கோட்டை வரிசை வரிசையாகப் பின்தொடர்ந்தால் விடை தெரியும். வழக்கமான நெசவில் ஒரு முடிச்சு 1, 2 என்ற பாவு இழைகளில் உட்கார்ந்தால், மேல்வரிசையில் ஒரு படி நகர 3, 4இல் உட்கார வேண்டும். ஒவ்வொரு படியும் இரண்டு இழை. ஜாஃப் பெண்கள் சாய்கோடு வரும் இடத்தில் மட்டும் முடிச்சை 2, 3இல் போட்டார்கள். படி ஒரே ஓர் இழையாகக் குறைந்தது. கட்டத்தின் அளவு மாறவில்லை, ஆனால் அரைக்கட்டம் தள்ளி உட்காரும் உரிமை கிடைத்துவிட்டது. இதைத் தள்ளுமுடிச்சு என்று சொல்லலாம். திரையில் எழுத்தின் ஓரம் படிக்கட்டாகத் தெரியாமலிருக்கக் கணினிப் பொறியாளர்கள் படப்புள்ளியைவிடச் சிறிய நகர்வுகளைத் தேடினார்கள். அதே வகைக் கேள்விக்கு எழுதப்படிக்க வாய்ப்பில்லாத பெண்கள் கூடாரத்தில் உட்கார்ந்து விடை கண்டிருக்கிறார்கள். இதைக் கைத்திறன் குறைவு என்று எப்படிச் சொல்வது?

அடர்த்தி மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடுமா என்றால், இல்லை. இதற்கு ஒரு பழஞ்சான்று இருக்கிறது. சைபீரியாவின் அல்தாய் மலையில், பாசிரிக் என்ற இடத்துக் கல்லறை ஒன்றைத் தொல்லியலாளர் செர்கெய் ருதென்கோ 1949இல் அகழ்ந்தபோது, பனிக்கட்டிக்குள் உறைந்த கம்பளம் கிடைத்தது. முழுமையாகக் கிடைத்துள்ள முடிச்சுக் கம்பளங்களில் மிகப் பழையது அதுவே. வயது சுமார் 2,300 ஆண்டுகள். குர்திஷ் கம்பளம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் முடிச்சு இதே சமச்சீர் முடிச்சு. சதுர சென்டிமீட்டருக்கு 36 முடிச்சு, அதாவது நல்ல சென்னேக்கு நிகரான நெருக்கம். ஓரத்தில் மான்களும் குதிரை வீரர்களும் வளைவு வளைவாக ஓடுகிறார்கள். நடுவிலோ 24 சதுரங்கள், ஒவ்வொன்றிலும் சிலுவையாக விரியும் கட்டுக்கோப்பான பூ. வளைக்கத் தெரிந்த அதே கை, பூவைக் கோணமாக வைத்திருக்கிறது. ஆகவே கட்டம் எல்லையைத்தான் போடுகிறது, அந்த எல்லைக்குள் எதை வரைவது என்பது நெய்பவளின் தேர்வு. நகரத்து ரோஜா கிராமத்தில் கெட்டு எண்கோணமானது என்ற ஒற்றை வழிக் கதையை நான் நம்பாததற்கு இதுவும் காரணம். சென்னே ரோஜாவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பொருள்களைப் பார்த்து வந்த புதுவரவு. கோல் ஃபராங் என்று அதற்குப் பெயர், அன்னியப் பூ. கோணப் பூ அதைவிட மிக மூத்தது.

நெய்பவள் பூவை எங்கே வைத்திருந்தாள்? நகரப் பட்டறையில் கட்டத்தாளில் வரைபடம் இருக்கும். கிராமத்தில் பெரும்பாலும் மனப்பாடம். இரண்டுக்கும் நடுவே, குறிப்பாக பிஜார் பகுதியில், வாகிரே என்றொரு ஏற்பாடு இருந்தது. சிறிய துண்டுக் கம்பளம். அதில் ஒரு பூ, அதன் கொடியில் ஒரு வளைவு, கரையில் ஒரு துணுக்கு, அவ்வளவுதான். அதைத் தறியருகே வைத்துக்கொண்டு இருபது அடிக் கம்பளத்தை நெய்துவிடுவார்கள். திரும்பத் திரும்ப வரும் வடிவத்தை முழுதாகச் சேமிக்கத் தேவையில்லை, ஓர் அலகையும் அதைத் திருப்பும் விதியையும் சேமித்தால் போதும் என்பது இதன் அடிப்படை. ஒரு தளத்தை இப்படி நிரப்பும் சமச்சீர் வகைகள் 17 மட்டுமே என்று ரஷ்யாவின் ஃபெதரோவ் 1891இல் நிறுவினார். ஜார்ஜ் போல்யா 1924இல் தனியாக அதே முடிவுக்கு வந்தார்.

மனப்பாடமா, வரைபடமா என்பதைக் கம்பளத்தின் மூலைகளே காட்டிக்கொடுக்கும். கரையில் ஓடும் கொடி மூலையில் அழகாகத் திரும்பினால், யாரோ முன்கூட்டியே கணக்கிட்டுத் தாளில் வரைந்திருக்கிறார்கள். கொடி மூலையில் முட்டி, பாதிப் பூவோடு நின்று, செங்குத்துக் கரை வேறொரு இடத்திலிருந்து தொடங்கினால், நெய்தவள் போகிற போக்கில் முடிவெடுத்திருக்கிறாள். எனக்கு இந்த இரண்டாவது மூலைதான் பிடிக்கும். அவள் யோசித்த இடம் அங்கே அப்படியே நிற்கிறது.

இனி நிறம். சிவப்பு வருவது மஞ்சிட்டிக் குடும்பத்துச் செடியின் வேரிலிருந்து. அந்த வேரின் முக்கியச் சாயப்பொருள்கள் அலிசரினும் பர்புரினும். அவை கம்பளியில் தாமாக நிலைக்காது. இழைக்கும் சாயத்துக்கும் நடுவே ஓர் உலோக அயனி பாலமாக நிற்க வேண்டும். அதற்கு நிறமூன்றி என்று பெயர். படிகாரத்தில் உள்ள அலுமினியம் நிறமூன்றியானால் சிவப்பு. அதே வேர், இரும்பு நிறமூன்றியானால் கருஞ்சிவப்பு அல்லது ஊதா கலந்த பழுப்பு. சாயக்குளியலில் முதலில் முக்கிய நூல் அடர்ந்து வரும், அதே நீரில் அடுத்தடுத்து முக்கியவை வெளிறும். சென்னே ரோஜாவின் அடுக்கடுக்கான இளஞ்சிவப்புகளை இப்படிக்கூடப் பெறலாம்.

பச்சை இலை இரட்டைச் சாயம்: மஞ்சள் ஒரு முறை, அவுரி நீலம் ஒரு முறை. செடிகளிலிருந்து எடுத்த மஞ்சள்கள் பல வெளிச்சத்தில் சீக்கிரம் சிதையும், அவுரி நிலைத்து நிற்கும். நூறாண்டு வெயிலுக்குப் பின் மஞ்சள் போய் நீலம் மிஞ்சுகிறது. பழைய கம்பளங்களில் நீல இலையைப் பார்த்துக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். நெய்த நாளில் அது பச்சை. முடியைப் பிரித்து வெளிச்சம் படாத அடியைப் பார்த்தால் அந்தப் பச்சை இன்னும் இருக்கும்.

பூவைச் சுற்றிய கறுப்புக் கோட்டின் கதை இன்னும் விசித்திரமானது. பழைய குர்திஷ் கம்பளத்தில் பூவின் மேல் விரலை ஓட்டினால், ஓரக்கோட்டில் விரல் பள்ளத்தில் இறங்கும். பூ மேடாக நிற்கும். யாரும் செதுக்கியதல்ல. கறுப்புச் சாயத்துக்குத் துவர்ப்புப் பொருளும் இரும்பும் வேண்டும். துவர்ப்புக்கு மேற்கு ஈரானின் ஸாக்ரோஸ் மலைக்காடுகளின் கருவாலி மரங்களில், ஒரு சிறு குளவி முட்டையிட்ட இடத்தில் உருவாகும் காய் உதவியது. நம் நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் என்று கேட்டால் தருகிறார்களே, அதுதான். இரும்பு இழையிலேயே தங்கிவிடுகிறது. காற்றின் ஆக்ஸிஜன் கம்பளிப் புரதத்தை மெல்ல அரிக்கும் வினையை அது வேகப்படுத்துகிறது. கறுப்பு நூல் நொறுங்கி, காலடியில் பொடியாகி உதிர்கிறது. சிவப்பும் நீலமும் நிற்கின்றன. இந்தப் பள்ளம் ஏற்படப் பல பத்தாண்டுகள் வேண்டும் என்பதால் அது வயதுக்கு ஒரு சாட்சி. ஆனால் கத்தரியாலும் பள்ளம் வெட்டலாம் என்பதால் அதை மட்டும் நம்பி வயது சொல்ல முடியாது.

பழம்பொருள்களின் வயதை அளக்கும் கரிமம்-14 முறையும் இங்கே கைகொடுக்காது. பாசிரிக் போன்ற பழம்பொருளுக்கு அது சரி. 1650க்குப் பிறகு காற்றில் கரிமம்-14 அளவு ஏறி இறங்கியிருப்பதால், ஒரே அளவீடு பல ஆண்டுகளுக்குப் பொருந்திவிடும். நமக்கு வேண்டியதோ 1850ஆ, 1900ஆ என்ற துல்லியம்.

இந்த இடத்தில் உதவிக்கு வருவது ஐரோப்பியச் சாய வேதியியலின் நாட்குறிப்பு. 1856இல் வில்லியம் பெர்க்கின் 'மாவ்' என்ற முதல் செயற்கைச் சாயத்தை உண்டாக்கினார். 1859இல் லியோனில் ஃபுக்சின் வந்தது. 1868இல் கிரேபேவும் லீபர்மனும் அலிசரினையே செயற்கையாகத் தயாரித்தார்கள். 1860களில் முதல் அசோ சாயங்கள் தோன்றி, 1870களில் பெருகின. 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. கம்பளத்திலிருந்து சில மில்லிமீட்டர் நூலை எடுத்து, அமிலத்தில் சாயத்தைப் பிரித்து, நீர்ம நிறப்பிரிகை என்ற முறையில் ஒரு குழாய் வழியே செலுத்துகிறார்கள். ஒவ்வொரு மூலக்கூறும் குழாயின் நிரப்பியோடு வெவ்வேறு அளவு ஒட்டுவதால் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். எது எப்போது வந்தது, எந்த ஒளியை உறிஞ்சியது என்று பார்த்துப் பெயரைச் சொல்லிவிடலாம்.

செயற்கை அலிசரினும் வேரின் அலிசரினும் ஒரே மூலக்கூறு. அலிசரினை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஆய்வாளர்கள் அதனால் கூட வந்தவர்களைத் தேடுகிறார்கள். வேர்ச்சாயத்தில் பர்புரின் சேர்ந்தே வரும், ஆலைச் சரக்கில் வராது. இந்த விதியை எல்லா ஊர்ச் சிவப்புக்கும் அப்படியே போட்டுவிடவும் கூடாது. நம் சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் அலிசரின்தான், ஆனால் அதில் பர்புரின் கிடையாது. அது இயற்கைச் சாயமே. எந்த நாட்டில் எந்தச் செடி என்று தெரிந்தால்தான் வேதியியல் பேசும்.

இந்த முறையின் கதவு ஒரு பக்கம் மட்டுமே திறக்கும். அசோ சாயம் இருந்தால், கம்பளம் 1860களுக்கு முன்னால் நெய்யப்பட்டிருக்க முடியாது. அது இல்லை என்பதால் கம்பளம் பழையது என்று ஆகிவிடாது. மலைக் கிராமங்களில் வேரிலும் அவுரியிலும் சாயமிடும் வழக்கம் நகரங்களில் குறைந்த பிறகும் தொடர்ந்தது.

சில கம்பளங்களில் நெய்தவர்களே பூக்களுக்கு நடுவே ஹிஜ்ரி ஆண்டைப் பொறித்திருப்பார்கள். 1284 என்றால் கி.பி. 1867-68. பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கலாம். ஆனால் பாரசீக எண்களில், நிமிர்ந்த கோட்டின் தலையில் ஒரு வளைவு இருந்தால் 2, இரண்டு இருந்தால் 3. கெட்டிக்கார வியாபாரி ஒருவர் 1321இல் ஒரு வளைவின் சில முடிச்சுகளைப் பிடுங்கி, பின்னணி நிறத்தில் மறுபடி முடிந்துவிட்டால் அது 1221 ஆகிவிடும். 1903ஆம் ஆண்டுக் கம்பளம் 1806க்குப் போய்விட்டது. கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, மறுபடியும் கம்பளத்தைக் குப்புறப் போட்டு, அந்த இடத்து முடிச்சுகளின் இறுக்கமும் நூலின் நிறமும் அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. மற்றொன்று, பக்கத்துப் பூவிலிருந்து ஓர் ஆரஞ்சு நூலை ஆய்வகத்துக்கு அனுப்புவது. அது அசோ ஆரஞ்சு என்று வந்தால், 1806 என்ற பேச்சு அதோடு முடிந்தது.